சீர்வரிசையில் ஒரு மருந்து டின்

1978-இல் உறுவையாறு கிராமத்தில் மூடி போட்ட டின் இருந்த வீட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. பண்ணை வயலில் பூச்சிமருந்து அடித்து முடிந்ததும், காலி டின்னுக்காகக் கூலியாட்கள் போட்ட போட்டியை எந்தத் தேர்தலும் கண்டதில்லை. நடவு வேலைக்குப் போகும் காசம்மாள் அப்படி இரண்டு டின் ஜெயித்தவள். சாம்பலும் செங்கல்தூளும் போட்டு மூன்று நாள் தேய்த்தாள். மண்டையோட்டுப் படம் மட்டும் போகவில்லை. போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, அரிசியைக் கொட்டி மூடினாள். வண்டு எட்டிப்பார்க்கவில்லை. வண்டுக்குப் படம் புரிந்திருக்கும்போல.

நாலு பிள்ளை அவள் வயிற்றில் தங்காமல் போயிற்று. காரணம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? முனி, தோஷம், உச்சிவேளையில் புளியமரத்தடி என்று வகைவகையாகச் சொன்னார்கள்.

பண்டசோழநல்லூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை சின்னபொண்ணுக்கு ஏழாம் மாதம். தாய் இல்லாத பெண் என்று, காசம்மாளே தாய்வீட்டுச் சீர் கொண்டுபோனாள். வளையலோடு இரண்டாவது டின்னும் அவள் தலையில் ஏறிப் போனது.

அடுத்த வாரம், பிள்ளை தங்காததைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன காசம்மாளிடம், எதைச் சாப்பிடுகிறாய், எதில் வைக்கிறாய் என்று துருவித் துருவிக் கேட்ட நர்ஸ் திடுக்கிட்டாள்.

"மருந்து டின்லயா? அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு பேசிக்கிறாங்க. மொதல்ல தூக்கிப் போடு."

காசம்மாளுக்குத் தன் நாலு பிள்ளைகள்கூட நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு ஓடி, இருந்த ஒரே பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

"அந்த டின்னைக் குடுத்துடுடி. அதுக்குப் பதிலா இந்தக் கொடத்தை வெச்சுக்க."

"இன்னாக்கா இது? நாலு பேரு பாக்கக் குடுத்த சீரை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

"வெஷம்டி அது. நர்ஸம்மா சொன்னாங்க, வயித்துக்கு ஆவாதுன்னு."

மாமியார் ராமாயி உள்ளேயிருந்து வந்தாள். "ஆவாதது டின்னா, உன் கண்ணா? ஊரே அதுலதான் பொழங்குது. எம் மருமவ வயிறு ரொம்புனது உனக்குப் பொறுக்கல, இல்ல?"

காசம்மாள் தங்கையைப் பார்த்தாள். சின்னபொண்ணு முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

குடத்தோடு அவள் தெரு தாண்டுவதற்குள், முதுகுக்குப் பின்னால் உப்பும் மிளகாயும் நெருப்பில் வெடித்தன.

எட்டாம் மாதமே பிறந்த குழந்தை அழாமலே போய்விட்டது. நர்ஸ் தயங்கியதைப் பண்டசோழநல்லூர் ஒரே நிமிடத்தில் தீர்த்துவைத்தது: அக்காகாரி கண்ணு. சேதி சொல்ல வந்த ராமாயியின் தம்பி தணிகைவேல் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை.

"நீ துக்கத்துக்கு வர வேணாம்னுட்டாங்க."

காசம்மாள் தலையாட்டினாள். அவன் சைக்கிளைத் திருப்பியதும் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, அவ சின்னவ. இன்னொண்ணு தங்கும். அரிசியை மட்டும் பானைக்கு மாத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதண்ணே, நீயே சொல்ற மாதிரி சொல்லு."

சைக்கிள் வளைவில் மறைந்த பிறகும், நடுத்தெருவில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.