சமைக்கத் தெரியாத துப்பறிவாளர்

செத்துப்போய் நூறு வருடத்துக்கு மேலான ஒரு மனிதர்மீது எனக்குப் பொறாமை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர் உண்மையாகவே வாழ்ந்த எழுத்தாளர். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தமிழில் பத்திரிகை நடத்தியவர். கல்யாணம் கட்டாதவர். புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், அந்த மனிதரைத் துப்பறிவாளராக்கி ஒரு கொலைக்கதை எழுதத் தொடங்கினார். அன்றைக்குப் பிடித்தது சனியன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையிலிருந்து எங்கள் கல்யாணப் படம் இறங்கியது. தலைப்பாகை கட்டிய அந்த மனிதரின் படம் ஏறியது. எங்கள் படம் இப்போது குளியலறைக்குப் போகிற வழியில், சுவிட்சுக்கு மேலே தொங்குகிறது.

"முகத்தைப் பாத்துப் பாத்து எழுத வசதி" என்றார். இத்தனை வருடமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே மனுசனுக்கு!

விடிந்தால் அவர், பொழுதுபட்டால் அவர். சாப்பாட்டு மேசையிலும், "இதைக் கண்டிருந்தா அவர் என்ன நினைச்சிருப்பார்?" என்ற கேள்விதான். நான் வைத்த சொதி நல்லாயிருக்கு என்று ஒருநாள், ஒரே ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

கதை இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு புடவை வியாபாரி கட்டிலில் செத்துக் கிடக்கிறார். காலை பத்து மணிக்குத்தான் அறையைத் திறந்து கண்டோம் என்று வீட்டார் சாதிக்கிறார்கள். இரவு நஞ்சு வைத்தவள் அவருடைய தம்பியின் மனைவி, அந்த வீட்டுச் சமையல் அவள் பொறுப்பு. ஆனால் துப்பறிவாளர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இடத்தில் என் கணவர் மாதக்கணக்காகச் சிக்கிப்போய் நின்றார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து என் தலையைத் தின்றார்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தேன்.

"அந்த வீட்டில அண்டைக்கு விடிய அடுப்பு எரிஞ்சதோ?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"செத்த வீட்டில, பிரேதம் எடுக்குமட்டும் ஆரும் அடுப்பு மூட்டுவினமே? பத்து மணிக்குத்தான் தெரியுமெண்டால், விடிய எழும்பி வழமைபோல மூட்டியிருப்பாள்தானே. மூட்டேல்லையெண்டால் அவளுக்கு முதலே தெரியும். நஞ்சு வைக்கத் துணிஞ்சவளுக்கும் பிரேதத்தை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு அடுப்பு மூட்டக் கை வராது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தலைப்பாகையைப் பார்த்தார். பிறகு எழுதுகிற மேசைக்கு ஓடினார்.

வெளியீட்டு விழா வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் புதுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தேன். பேச வந்தவர்கள் எல்லோரும் அடுப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "குளிர்ந்த சாம்பலைத் தொட்டே கொலையாளியைக் கண்ட அந்த மாமேதையின் நுண்ணறிவு..." என்று ஒருவர் உருகினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த மனுசன் தனிக்கட்டை, காலம் முழுக்கச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டவர். விறகை எந்தப் பக்கத்தால் வைப்பது என்றாவது தெரிந்திருக்குமா அவருக்கு?

ஏற்புரையில் என் கணவர் கண்கலங்கினார். "இதை நான் எழுதவில்லை. அவரே என் கையைப் பிடித்து எழுதுவித்தார்" என்றார். அச்சகத்துக்கு நன்றி, நூலகத்துக்கு நன்றி. "இறுதியாக, நேரம் தவறாமல் தேநீர் தந்த என் துணைவிக்கும் நன்றி." சபை கைதட்டியது. நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவிலேயே கேட்டுவிட்டேன்.

"அந்த அடுப்பு விஷயம் ஆருடைய கண்டுபிடிப்பு?"

"நீர் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனீர். அவரெல்லோ அதைப் பிடிச்சவர்."

அட, உயிரோடு பக்கத்தில் இருக்கிறவள் சொன்னால் சும்மா கதை. செத்தவர் சொன்னால் நுண்ணறிவு! அன்றிரவு முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது புத்தகம். புதுக்கடையில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து வெட்டுண்டு கிடக்கிறார், கொன்றவள் பக்கத்து வீட்டுக்காரி. முதல் அத்தியாயத்தை அவர் உரக்க வாசித்தபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லாம் அவள் இரவோடிரவாகத் தோய்த்துக் காயப்போட்ட சேலையில் இருக்கிறது. அவருக்கு விளங்கவில்லை. பழையபடி நடை. பதிப்பகத்தார் போன் எடுத்தால் பல்கனிக்குப் போய் மெல்லக் கதைக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"இஞ்சேரும்... அவள்தான் செய்தவளெண்டு எப்பிடிப் பிடிக்கிறது? உமக்கு ஏதும் தோணுதோ?"

சேலை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அவரைக் கேளுங்கோ" என்று வரவேற்பறைப் பக்கம் கையைக் காட்டினேன். "நான் தேத்தண்ணி போட்டுத் தாறன்."