ஓய்வுநாளில் மம்பட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோவில்பட்டியில் நான் போகிற கோயிலின் வளாகத்தில் மரக்கன்று நட்டார்கள். ஆண்டுதோறும் நடுகிறார்கள். குழி புதிதாக வெட்ட வேண்டிய தேவை இல்லை. போன ஆண்டுக் குழி காலியாகத்தான் இருக்கிறது. வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் நிலம், நீர் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்து, பூமியின் பாதுகாப்புக்காக ஜெபிக்கும்படி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சுருக்கமாக ஜெபித்தேன். எனக்குக் களைப்பாக இருந்தது. பூமிக்காக ஜெபிப்பவர்களை நான் சின்ன வயதிலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்பா அப்போது பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் சபை உபதேசியார். அம்மா பிறந்த ஊரும் அதுதான். ஐயர், அதாவது குருவானவர், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், நோயாளிக்கு ஜெபிப்பதும், சண்டை தீர்ப்பதும் அப்பா. அப்பாவையும் சேர்த்துச் சபையை நடத்துவது அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. கமிட்டியில் அவர்தான் எல்லாம்.

அந்த ஊருக்குக் குடிதண்ணீர் ஊருணி ஒன்றுதான். ஐப்பசி மழையில் அது நிறைந்தால் கோடை வரை ஓடிவிடும். நிறையாவிட்டால் மாசிக்குள் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கும். சனம் தீப்பெட்டி ஆபீசுக்கும் தெரியாத ஊர்களுக்கும் பிழைக்கப் போய்விடும். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை ஏமாற்றியிருந்தது. மூன்றாவது வருடமும் ஏமாற்றினால் கோயிலில் பிரசங்கம் கேட்கச் சுவர்தான் மிஞ்சும் என்று அம்மா சொல்வாள்.

அந்த வைகாசியில் கோயில் பண்டிகை வந்தது. பண்டிகை என்றால் எங்கள் பக்கம் அசனம்: ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் சோறு. பந்தலுக்கும் அடுப்புக்கும் சமதளமான இடம் வேண்டும். கோயிலுக்குப் பின்னால் ஒரு பள்ளம் நீளமாகக் கிடந்தது. மாமா சொந்தச் செலவில் சரள்மண் அடித்து அதை மேடாக்கித் திடலாக்கினார். அந்தப் பள்ளம்தான் ஊருணிக்குத் தண்ணீர் வரும் ஓடை. இரண்டு வருடமாகத் தண்ணீரையே பார்க்காத ஓடை, பார்ப்பதற்கு ஓடை மாதிரி இருக்காது. அதில் வெள்ளாடுகள்தான் போய்வந்துகொண்டிருந்தன. அப்பாவும் அந்தத் திடலில் நின்றுதான் அசனத்துக்கு ஜெபித்தார். நீர்வழிப் புறம்போக்கை மறிப்பதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று பிற்பாடு நான் முப்பது வருடம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன். அன்று நானும் அங்கே உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு ஊற்றச் சொன்னேன்.

புரட்டாசி காய்ந்தது. ஐப்பசி பிறந்தும் மேகம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மழைக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். பிள்ளைகளின் ஜெபம் சீக்கிரம் மேலே போகும் என்று எங்களை முன்வரிசையில் முழங்காலில் நிறுத்தினார்கள். சிபாரிசு என்பதை நான் முதலில் கற்றுக்கொண்ட இடம் அது. மாமா கண்ணீரோடு ஜெபித்தார். நடிப்பு இல்லை, உண்மையான கண்ணீர். அன்று இரவே மழை கொட்டியது.

விடிந்ததும் எல்லோரும் ஊருணிக்கு ஓடினோம். அடியில் கொஞ்சம் சேறு மினுமினுத்தது, அவ்வளவுதான். வெள்ளம் திடலில் முட்டித் திரும்பி, பக்கத்துப் பருத்திக்காட்டில் ஏறி நின்றது. காட்டுக்காரர் எங்கள் சபை இல்லை. முழங்கால்வரை சேறோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மாமாவும் அங்கேதான் இருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க சாமிகிட்ட மழை கேட்டீங்க, குடுத்துட்டாரு. தண்ணி போற பாதையையும் அவரே வந்து வெட்டணுமா? எம் பருத்தி பூரா முங்கிக் கெடக்கு."

"அது கோயில் எடம் வே" என்றார் மாமா.

"கோயில் எடம்னு மழைகிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

அப்பா திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுக்காரர் போன பிறகு, "வெட்டிருவோம் மச்சான்" என்றார்.

"வெட்டாம? ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா மாப்ளே. திங்கக்கெழம கமிட்டியக் கூட்டி, தீர்மானம் போட்டு, ஐயருக்கு எழுதி, அவிய சரின்னு சொன்ன பொறவு வெட்டுவோம்."

"அடுத்த மழை தீர்மானத்துக்குக் காத்து நிக்குமா?"

"ஜெபம் பண்ணுவோம். நேத்துக் கேட்டவரு திங்கக்கெழமையும் கேப்பாரு."

மாமாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரியான நடைமுறை. ஒரு அலுவலகம் அப்படித்தான் நடக்க வேண்டும். நானும் அப்படித்தான் நடத்தினேன். தண்ணீர் மட்டும் எந்த மேசையிலும் வந்து நின்றதில்லை.

ஞாயிறு காலை வடகிழக்கில் வானம் கறுத்து வந்தது. எங்கள் வீட்டில் ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்தான். முதல்நாளே விறகு உடைத்து வைத்துவிட வேண்டும். பொத்தான் அறுந்தாலும் ஊசி எடுக்கக் கூடாது. ஐந்துகல் விளையாடியதற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். அந்த அப்பா முதல் மணி அடித்ததும் வெள்ளை ஜிப்பாவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. உபதேசியாரைக் காணோம். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கீர்த்தனையைத் தொடங்கினாள். எல்லாச் சரணமும் முடிந்ததும் மறுபடி பல்லவிக்குப் போனாள். பின்னால் திடலிலிருந்து மம்பட்டிச் சத்தம் தாளம் தப்பிக் கேட்டது. மாமா எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அம்மா பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, ஒம் புருசன் ஓய்வுநாளும் அதுவுமா மண்ணு வெட்டுதாரு. அந்தப் பருத்திக்காட்டுக்காரன வேற கூடச் சேத்துக்கிட்டு. நீ என்னன்னா பாடிக்கிட்டு இருக்க?"

"நிறுத்துனா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்கல்லா அண்ணே. அதான் பாடுதேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா அடுத்த சரணத்துக்குப் போய்விட்டாள். வானம் இடித்தபோது, அது அப்பாவைத் தேடித்தான் வருகிறது என்று உறுதியாக நம்பினேன்.

மழை இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். கரிசல் மண் இரண்டு காலிலும் அப்பி, யானைக்கால் மாதிரி இருந்தது. பீடத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, "இன்னைக்குப் பிரசங்கம் கெடையாது. ஆசீர்வாதம் சொல்லுதேன். போயி ஊருணியப் பாருங்க" என்றார்.

கடைசி வரிசை ஆமெனுக்கு முன்பே எழுந்துவிட்டது. நாங்கள் போனபோது சிவப்பும் கறுப்புமாகத் தண்ணீர் சுழித்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் நனைந்தபடியே குலவை போட்டார்கள். மறுநாள் காலையில் ஊருணி படி மறைய நிறைந்திருந்தது.

ஐயருக்குப் புகார் போனது. ஓய்வுநாளை மீறினார், கோயில் சொத்தைச் சேதப்படுத்தினார், சபையை ஆராதனையில்லாமல் விட்டார். மூன்றும் உண்மை. பொய்ப் புகாரைத் தள்ளுபடி செய்துவிடலாம். உண்மையான புகாரை என்ன செய்வது? கிறிஸ்மஸுக்கு முன்பே அப்பாவைப் புதூர் பக்கம் ஓலைக் கொட்டகைச் சபை ஒன்றுக்கு மாற்றினார்கள். நிறைந்த ஊருணியை விட்டு, உப்புக் கிணறு உள்ள ஊருக்கு அம்மா பாத்திரங்களைக் கட்டினாள்.

புறப்பட்ட அன்று பெரிய மாமாதான் வண்டி கட்டிக் கொடுத்தார். வழியில் குடிக்க ஊருணித் தண்ணீர் ஒரு செம்பு மொண்டு வந்து என் கையில் தந்தார். பிறகு வண்டியடியில் எல்லோரையும் நிறுத்தி வழியனுப்பும் ஜெபம் செய்தார். நீளமான ஜெபம். எங்கள் உபவாச ஜெபத்தைக் கேட்டு, மனுஷர் கைபடாமல் ஊருணியை நிறைத்துத் தந்த கிருபைக்காக ஸ்தோத்திரம் என்றார். அன்றும் அவர் கண்ணில் தண்ணீர்தான்.

அப்பா எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். அம்மா வாயைத் திறக்கவில்லை.

அப்பா ஜெபத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். வண்டி ஊரைத் தாண்டியதும் அவரிடம் சொன்னேன்: "அப்பா, மாமா கைபடாமன்னு சொன்னாவ."

"கேட்டேன். ஊருணி நெறஞ்சிட்டுல்லா" என்றார், மாட்டைப் பார்த்தபடி.

கேட்டவர் எதற்காக அவ்வளவு சத்தமாக ஆமென் சொன்னார் என்பது, செம்பைச் சிந்தாமல் பிடிப்பதிலேயே கவனமாக இருந்த எனக்கு அன்று விளங்கவில்லை.