எண்ணெய் போட்ட பக்கம், போடாத பக்கம்

கோழி மருந்து விற்கப் போகிறவனைப் பண்ணை நாய்கூட ரெண்டு தரம் மோந்துதான் உள்ளே விடும். என்னைப் போல விற்பனைப் பை தூக்கி அலைகிற உங்களுக்குத் தெரியாததா! நான் விற்பது கிராம்பு, ஓமம், பட்டை எண்ணெய்கள் சேர்ந்த திரவம். தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்தால் கோழிக்குக் குடல் நன்றாக இருக்கும், கழிச்சல் குறையும். இந்த சீசனில் கடையத்தில் ஒரு பண்ணையாவது பிடிக்காவிட்டால் தென்காசி ஏரியாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மூக்குப் பரிசோதனை

நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போனேன். போன தடவை விட்ட குஞ்சுகளில் பாதி கழிச்சலில் செத்துப்போன எரிச்சலில் இருந்தார். பாட்டிலைத் திறந்து மோந்தார். அப்புறம் என்னை மோந்தார்.

"ஏலே, குத்தாலத்துல எண்ணெ தேய்க்கிறவன்கிட்ட வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிட்டு வாரியா?"

முதல் கோழி நான்

இலை, பட்டையில் எடுத்ததுதான், கெடுதல் இல்லை என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கோழிக்குச் சொன்ன அளவிலேயே ஒரு டம்ளரில் கலந்து நீட்டினார். வேறு வழி? குடித்தேன். ஏப்பமெல்லாம் கிராம்பு வாசம். பாவம் பார்த்து அவர் சம்சாரம், எங்கள் மதினி, மோர் கொண்டுவந்தார்கள். அதையும் அண்ணாச்சி தடுத்துவிட்டார்.

"சாயந்தரம் வரைக்கும் இங்கனயே இரி. உனக்கு ஒண்ணும் ஆகலன்னா கோழிக்கு ஊத்துதேன்."

நடுவில் ஒரு வலை

சாயந்தரம் வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் குஞ்சு விட்டதும் அண்ணாச்சி கொட்டகையை வலை கட்டி ரெண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் எண்ணெய்த் தண்ணீர், மறுபக்கம் வெறும் தண்ணீர். காலையில் அவர் ஊற்றுவார், சாயந்தரம் மதினி. ஒரு மாதம் கழித்து என்ன ஆச்சு என்று பார்க்கப் போனேன். ரெண்டு பக்கமும் கழிச்சலே இல்லை, தரை காய்ந்து கிடந்தது. அப்போ எண்ணெய் எதுக்கு என்று கேட்பாரே! போச்சு, வேலை போச்சு!

"வெறும் தண்ணி குடிச்சதும் நல்லாத்தான் இருக்கு. பாட்டிலும் சீக்கிரமே காலி. அளவுலயும் ஏமாத்துதியா?"

மதினி வாய் திறந்தார்கள்

பாட்டில் எப்படிச் சீக்கிரம் காலியாகும்? எனக்கும் சந்தேகம் வந்தது. வெறும் தண்ணீர்ப் பக்கத்துக் குடுவையைத் தூக்கி மோந்தேன். குப்பென்று கிராம்பு! மதினி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்கள். "அந்தப் பக்கத்துக் குஞ்சு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி? போன தடவை அள்ளி அள்ளிப் புதைச்சது நான்தானே. மனசு கேக்கல, ரெண்டு பக்கமும் ஊத்திட்டேன்" என்றார்கள்.

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சி மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிலே. எண்ணெ குடிக்காத கோழி ஒண்ணையாவது காட்டு, அப்போ நம்புதேன்."

மதினி அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள், என் ஏரியாவும் பிழைத்தது. அண்ணாச்சி மட்டும் எண்ணெய் குடிக்காத கோழியைத் தன் பண்ணையிலேயே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.