பேரிக்காய் ராஜாவும் என் மடியும்

நான் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மயிலும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். என்னைப் பெரிய கலைஞன் என்று நம்புகிற ஆள் இந்தத் திருத்தணியில் ஒருவர்தான், அது நான். அப்படிப்பட்டவன் கண்ணில், போன ஆடி மாதம், ஒரு பழைய பிரெஞ்சுக் கேலிச்சித்திரம் போனில் பட்டுத் தொலைத்தது.

நான்கு முகங்கள். முதலாவது அந்த நாட்டு ராஜா, கிருதாவும் தொங்கு கன்னமுமாக. அடுத்ததில் கன்னம் இன்னும் இறங்குகிறது, நெற்றி குறுகுகிறது. மூன்றாவதில் கண்ணும் மூக்கும் மட்டும்தான் மிச்சம். நான்காவது, இலையும் காம்புமாக ஒரு பேரிக்காய். வரைந்தவரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்களாம். ராஜாவின் முகம் அப்படிப் போனால் நான் என்ன செய்ய என்று அங்கேயே வாதாடினாராம். பிறகு ஊரெல்லாம் சுவரில் பேரிக்காயைக் கிறுக்கினார்களாம். படித்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. உடனே ஒரு ராஜா வேண்டும். கோட்டையில் இருப்பவர்களை வரைய எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே அக்கா புருஷனை, எங்கள் பாவாவை வரைந்தேன்.

ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருப்பவர் அவர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முன்வரிசையில் நடு நாற்காலி அவருக்கு. சாம்பார் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் மறுபடி கேட்பார்கள். அவரை நான்கு படமாக வரைந்து, பேரிக்காய்மேல் ஒரு கிரீடத்தையும் வைத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். கை தவறி அல்ல. கையெழுத்து வேறு போட்டிருந்தேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"உனுக்கு வரையறதுக்கு வேற மூஞ்சியே கெடைக்கலியாடா? அந்த மனுஷன் சாப்புடாம உக்காந்துகினு கீறாரு. பாப்பாக்கு மொட்ட போடறப்ப உன் மடி வேணாமாம். நம்ம ஒண்ணுவிட்ட தம்பிய வரச் சொல்லிட்டாரு."

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பெண் அது. மலைமேல் முதல் மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அவள் பிறந்த வாரமே கம்மல் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவன் நான். ஒரு பேரிக்காய்க்காக அந்த உரிமையை விட்டவன் வேறு எந்த நாட்டுச் சரித்திரத்திலும் இருக்கமாட்டான்.

மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன், பாவா எடுக்கவில்லை. கடைசியில் என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: முருகனுக்கு முடி கொடுக்க வந்தவனை மலையிலிருந்து யாரும் விரட்ட முடியாது. பாப்பாவின் மொட்டை நாளன்று காலை அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இத்தனை காலம் சீவிச் சீவி வளர்த்த முடியை இறக்கினேன். சந்தனம் பூசிக்கொண்டு திரும்பினால், எதிரே பாவா, குழந்தையோடு அக்கா, புதுச் சட்டையில் ஒண்ணுவிட்ட தம்பி.

பாவா என்னை ஏற இறங்கப் பார்த்தார். போனை எடுத்து, என் படத்தைத் திறந்து, என் காதுப் பக்கமாகப் பிடித்தார்.

"இங்க பாருங்கய்யா, நாலாவது படம் நடந்து வந்துகினு கீது!"

மேலே கூம்பு, கீழே கன்னம். என் முடி அத்தனை வருஷமும் மறைத்துவைத்திருந்தது அதைத்தான். வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மானம் போயிற்று, ஆனால் பாவா சிரித்ததைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது.

"குந்து மச்சான்," என்றார். "புள்ளய வாங்கிக்கோ."

பாப்பா என் மடியில் வீறிட்டு அழுதாள். முடி இறங்க இறங்கச் சுற்றி நின்றவர்கள் என் தலையையும் அவள் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சந்தனம் பூசியதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே கூம்பு, கீழே கன்னம். அச்சு அசல் தாய்மாமன்.

"எங்க ராஜாத்தி," என்று பாவா குனிந்தார். மீசையில் சந்தனம் அப்பிக்கொள்வதைக்கூடப் பார்க்காமல் அந்தக் குட்டிப் பேரிக்காய்க்கு முத்தம் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.