அண்ணையின் உயரம்

திங்கட்கிழமை மயிலிட்டி ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை தொடங்க இருந்தது. குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்க்கும் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பண்டத்தரிப்பிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. சைக்கிள் இருந்தது. அது என்னுடையது. நான் கொழும்பில் படித்த இரண்டு வருடமும் அண்ணை அதை ஓடினார், சீற்றைத் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு. நான் ஏறி இருந்தால் கால் பெடலை எட்டாது.

"சீற் இறங்காது. என்னட்டையே கிடக்கட்டும்," என்றார்.

"ஏன் இறங்காது?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சனி."

தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போகுமுன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்வளவு உவர்க்கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார். நல்ல தண்ணீர்க் கிணறு குடிக்க மட்டும் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. ஊர் மெச்சப் பளபளத்தது சைக்கிள். இரும்புக் குழாய்க்குள், சீற்றைத் தாங்கும் அலுமினியத் தண்டைச் சுற்றி உப்புத் தண்ணீர் தேங்கி, இரண்டும் ஒட்டிப்போயின. அதைச் சொன்னேன்.

"சாமிக்குக் கழுவினதும் குற்றமாம், கேட்டியளே அம்மா!"

வெள்ளி: நட்டைக் கழற்றி எண்ணெய் விட்டேன். சனி: மறுபடியும் எண்ணெய். மத்தியானம் அண்ணை சுத்தியலோடு வந்தார்.

"உப்பிடித் தடவிக்கொண்டிருந்தால் எப்ப கழரும்? ரெண்டு போடு போட்டால் சரி."

"சைக்கிள் பிரேம் நெளிஞ்சால் ரெண்டு பேருக்கும் இல்லை. கையை எடுங்கோ."

"ஓ, இஞ்சினியர் அம்மா கதைக்கிறா."

ஞாயிறு காலை சீற்றைக் கழற்றிவிட்டு, தண்டைச் சுற்றி அரை மணி நேரம் ஐஸ் கட்டி வைத்தேன். குளிரில் அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாகச் சுருங்கும். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து, தண்டின் தலையை மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் இறுக்கி, முழுச் சைக்கிளையும் பிடித்துத் திருப்பினேன். மூன்றாம் தடவை கிரீச்சிட்டது. வெள்ளைத் தூள் கொட்டக் கொட்டத் தண்டு வெளியே வந்தது.

அண்ணை வாளியை எடுத்தார். "கழுவித் தாறன். காலமை நீ ஓடு. பின்னேரம் ஏத்தி வைச்சு நான் ஓடுறன்."

நான் இரும்பறுக்கும் வாளை எடுத்துத் தண்டின் அடியை அறுக்கத் தொடங்கினேன்.

"என்னடி செய்யிறாய்?"

"அரிச்ச பக்கத்தை வெட்டுறன்."

மோசமாக அரித்திருந்தது மூன்று விரல். நான் வெட்டியது ஆறு விரல். கிறீஸ் பூசி, என் உயரத்துக்கு இறக்கி, நட்டை இறுக்கினேன். இனி அண்ணையின் உயரத்துக்கு ஏற்றினால், தண்டு கையோடு வந்துவிடும்.