தார் டப்பாவில் இருந்த மாத்திரை

சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் நான். பட்டு நெசவாளர் ஏகாம்பரம் ஐயாவுக்கு டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் குறையவே இல்லை.

அன்று காலை போனபோது அவருக்குக் கால்கள் வீங்கி, மூச்சு வாங்கியது. பிரஷர் பார்த்தேன். மேல் அளவு இருநூறைத் தொட்டது.

"மாத்திரையை ஒழுங்கா போடறாரா?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"என் கையாலதான்மா குடுக்கறேன். ஒரு வேளை தவறல."

"வேற மருந்து எதுனா?"

"சாமி சத்தியமா இல்லம்மா."

ஆட்டோவை வரச் சொன்னேன். கிளம்பும்போது ஐயா மனைவியிடம், "அந்தத் தார் டப்பாவை எடு, இடுப்பு வலிக்குது" என்றார். தறிக்குழி ஓரத்தில் இருந்த டப்பாவில், நூல் சுற்றிய தார்க் குச்சிகளுக்கு நடுவே வலி மாத்திரை அட்டைகள் கிடந்தன.

"இதைத்தானே கேட்டேன்!" என்று கத்தியேவிட்டேன்.

"இது மருந்தாம்மா? தினம் ஒன்னு போட்டுக்கினுதான் தறியில எறங்குவேன்" என்றார் ஐயா.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினேன். பிரஷர் மாத்திரையோடு இது தினமும் சேர்ந்தால் பிரஷரும் அடங்காது, சிறுநீரகமும் கெடும் என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா டயாலிசிஸ்தான்." நல்லவேளை, ஐயா தேறிவிட்டார்.

இப்போதெல்லாம் மருந்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நான் எழுந்துவிடுவதில்லை. "தறியில எறங்கறதுக்கு முன்னாடி என்ன போடுவீங்க?" என்றும் கேட்கிறேன். போன வாரம் அடுத்த தெருவில், "எங்க வீட்டுக்காரரு எதுவும் போடமாட்டாருமா" என்று ஒரு அம்மா சொல்லி முடிப்பதற்குள், அவர் கணவரின் கை தார் டப்பாவுக்குப் போய்விட்டது.