எட்டு மைக்கும் சுப்பையா மாமாவின் ஆஹாவும்

1. முதல் நாள், முதல் ஹம்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கடையே கலவரமாக இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்காரர் புது ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, "கேளுங்க, கேளுங்க" என்று நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் விடாமல் வந்தது. இதற்குத் தொழிலில் ஹம் என்று பெயர். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் இருந்த சவுண்டு கடை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கேசட் விற்க எடுக்கப்பட்டவள். முதலாளி வர்கீஸ் சேட்டன் வயரை மாற்றினார், மைக்கை மாற்றினார், கடைசியில் ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சேட்டா, நீங்க பெட்டி மேல கை வச்சா சத்தம் குறையுது. எடுத்தா திரும்ப வருது."

அவர் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எர்த் வயர் பிய்ந்து தொங்கியது.

"கனகே, நீ கேசட் விக்கண்டா. இந்தப் பக்கம் வா" என்றார்.

அந்தப் பக்கம் போனவள் பதினாறு வருஷம் அங்கேயே இருந்தேன். எங்களுடையது மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். கவுண்டரில் நிற்க இது ரொம்ப உதவியது.

2. பெட்டி கேட்டு வந்தவர்கள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது. உடனே எல்லாருக்கும் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்ணும் ஆசையும் வந்தது. முதலில் கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் சின்ன மைக் ஓட்டையில் நேராகச் சொருகினார்கள். பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் பதிந்தது. அதற்கு மருந்தாக வந்ததுதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கை இந்தப் பெட்டியில் சொருகினால், சத்தத்தைச் சுத்தமாக வாங்கி, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கஸ்டமர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'பெட்டி' என்றார்கள். நாங்களும் பெட்டி என்றே விற்றோம்.

பெட்டி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். எத்தனை மைக் சொருகலாம்? தனியாக உட்கார்ந்து பேசப் போகிறவர் கூட நான்கு ஓட்டை கேட்பார். ஏன் என்றால், "இருக்கட்டுமே, சொந்தக்காரங்க வந்தா?"

நான் சொல்லும் பதில்களும் மனப்பாடம். ஓட்டையை எண்ணாதீர்கள், மைக் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பைக் கேளுங்கள். சத்தம் கூட்டும் கெயினை முழுக்கத் திருகினால் இரைகிறதா பாருங்கள். கண்டென்சர் மைக் என்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஃபான்டம் பவர் இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல் லேட்டன்சி பாருங்கள். லேட்டன்சி என்றால், பாடியது கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்போனில் திரும்பி வர ஆகும் தாமதம். கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் பாடகர் தடுமாறுவார். அந்தத் தாமதத்தைக் குறைக்க நான் மல்லுக்கட்டாத நாள் கிடையாது.

இவ்வளவு தெரிந்த நான்தான் கீழே சொல்லும் முட்டாள்தனத்தைச் செய்தேன்.

3. ஹமீது இக்காவின் ஞாயிற்றுக்கிழமை

சுக்கு கோடவுன் ஒன்றின் மாடியில் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒரு கூட்டம் கூடும். ஹமீது இக்கா ஹார்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவார். வார நாட்களில் வெலிங்டன் தீவில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர். களமசேரி ஃபேக்டரியிலிருந்து ஒருவர் தபேலாவோடு வருவார். இன்னொருவர் புல்புல் என்ற தந்தி வாத்தியம். பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கஜல், பழைய பாட்டு, எது வந்தாலும் சரி. நடுவில் ஒரு ரவுண்டு சாயா. மட்டாஞ்சேரியில் இதற்கு மெஹ்ஃபில் என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சுப்பையா மாமா முப்பது வருஷ உறுப்பினர். அப்பாவோடு கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். பாட மாட்டார். வாத்தியம் எதையும் தொட மாட்டார். தாளம் போட்டால் தபேலாக்காரர் நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார், அப்படிப் போடுவார். ஆனால் ஹார்மோனியத்துக்கு நேர் எதிரே அவருக்கென்று ஒரு இடம் உண்டு. அவர் வராமல் பாட்டு தொடங்காது.

அந்த மாடிப்படியிலேயே மாமா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மகள் செல்வி வந்து திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து ஹமீது இக்கா கடைக்கு வந்தார்.

"மோளே கனகே, சுப்பையாண்ணன் அங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை மிண்டறது இல்லையாம். சுவத்தப் பாத்து உக்காந்திருக்காராம். செல்வி போன் பண்ணி அழுது கரையுது. நம்ம ஞாயித்துக்கிழமைய அப்படியே பிடிச்சு அவருக்கு அனுப்பணும். துபாயில இருக்கற நம்ம பசங்க போட்காஸ்ட்னு ஒண்ணு சொல்றாங்க. வாராவாரம் நெட்ல போட்டா யார் வேணும்னாலும் கேக்கலாமாம். அதுக்கு ஒரு பெட்டி வேணும். விலை அதிகம் போகக் கூடாது."

மாமாவைப் பற்றிக் கேட்டதும் எனக்கு, உலகத்திலேயே நல்ல ரெக்கார்டிங்கை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆசை வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும் எனக்கு. ஹார்மோனியத்துக்கு இரண்டு, தபேலாவுக்கு இரண்டு, குரலுக்கு இரண்டு, புல்புலுக்கு இரண்டு என்று விரல் விட்டு எண்ணி, எட்டு ஓட்டைப் பெட்டியை அவர் தலையில் கட்டினேன். அவர்கள் மனதில் வைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு விலை. கூடவே அவர்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு தனி கார்டும் போட வேண்டியிருந்தது. "உனக்கு நிச்சயம்தானே?" என்று இக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். "நானே வந்து செட் பண்ணித் தரேன்" என்றேன்.

4. டேக் ஓகே

அந்த ஞாயிறு நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்தினேன், தெருவில் ஆடு கத்துகிறது என்று. ஃபேனை நிறுத்தினேன், மைக்கில் காற்று விழுகிறது என்று. கேட்க வந்தவர்களைப் பின்சுவர் ஓரமாக உட்கார வைத்து, "ரெக்கார்டிங் ஓடறப்ப யாரும் மூச்சு விடக் கூடாது" என்று ஸ்டுடியோக்காரி மாதிரி உத்தரவு போட்டேன். சாயாவைக் கூட வெளியே நிறுத்தினேன்.

பாட்டு பாட்டாகப் பதிந்தோம். எல்லாரும் வேர்வையில் குளித்தார்கள். ஒவ்வொரு ட்ராக்கும் கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு பாட்டு முடிந்ததும் நான் கட்டைவிரலைத் தூக்கி "டேக் ஓகே" என்பேன். இக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போவார். வழக்கமாகச் சாயங்காலம் வரை போகும் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதைக் கூட நான் என் திறமை என்றுதான் நினைத்தேன்.

மிக்ஸ் பண்ணி நெட்டில் ஏற்றினேன். மறுநாளே கடை போனுக்குச் செல்வி கூப்பிட்டாள்.

"கனகா, அப்பா பாதி கேட்டுட்டு நிறுத்தச் சொல்லிட்டாரு. இனிமே அனுப்பவே வேணாம்கறாரு. உன்கிட்டப் பேசணுமாம்."

மாமா போனை வாங்கினார். "ஏம்மா கனகம், உண்மையச் சொல்லு. அங்க யாராச்சும் தவறிட்டாங்களா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

"ஐயோ மாமா, ஏன் இப்படிக் கேக்கறீங்க? எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பின்ன ஏன் ஒருத்தனும் வாயத் தொறக்கல? சாவு வீட்ல பாடுன மாதிரி இருக்கு. ஹமீது ஒரு வரிய ஒரு தடவ பாடிட்டு அப்படியே போறான். அவன் அப்படிப் பாடறவன் இல்லையே. வேணாம்மா. இதக் கேட்டா நான் இல்லாம அந்த இடமே செத்துப் போச்சுன்னு தோணுது."

போனை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய் நன்றாக அழுதேன். வர்கீஸ் சேட்டன் கதவருகே நின்று, "பெட்டி கேடா?" என்று கேட்டார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு சேட்டா. நான்தான் கேடு" என்றேன்.

5. மைக் இல்லாமல் போன ஞாயிறு

அடுத்த ஞாயிறு ஒரு வயர் கூட எடுக்காமல் போய், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஃபேன் கடகடவென்று சுற்றியது. இக்கா ஒரு வரி பாடினார். யாரோ "ஹா!" என்றார். இக்கா அந்த வரியையே வேறு மாதிரி வளைத்தார். "அடடடா" என்று இன்னொருவர் தொடையில் தட்டினார். இக்கா சிரித்துக்கொண்டே மறுபடி வளைத்தார். அதே வரியை ஒன்பது தடவை பாடினார், நான் எண்ணினேன். ஒன்பதாவது தடவை தபேலாக்காரர் துள்ளி எழுந்தே விட்டார்.

பாதிப் பாட்டைப் பாடுவது சுற்றி இருக்கிறவர்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடவும் தெரியாத, வாசிக்கவும் தெரியாத சுப்பையா மாமாவுக்கு ஹார்மோனியத்துக்கு எதிரே ஏன் இடம் என்பதும் புரிந்தது. எந்தப் பாட்டுக்கும் முதல் "ஆஹா" அவருடையது. எட்டு மைக் வைத்த நான் அந்த ஆஹாவுக்கு மட்டும் மைக் வைக்கவில்லை. போதாததற்கு வாயையும் பொத்தி வைத்திருந்தேன்.

'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்ற போர்டுக்குக் கீழேயே நின்று வர்கீஸ் சேட்டனிடம் பெட்டியை மாற்றித் தரும்படி கேட்டேன். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் எழுதினதுதானே. இன்னைக்கு ஒரு நாள் அதப் படிக்கண்டா" என்றார். அந்த எட்டு ஓட்டைப் பெட்டி பிறகு ஒரு சர்ச் கொயருக்குப் போய் அமோகமாக உழைத்தது.

ஹமீது இக்காவுக்கு எங்களிடம் இருந்ததிலேயே சின்ன யுஎஸ்பி பெட்டி. இரண்டே ஓட்டை. ஒரு கண்டென்சர் மைக் பாடுகிறவர்களுக்கு நடுவில். இன்னொரு மைக் அவர்களுக்கு முதுகைக் காட்டி, கேட்கிறவர்களைப் பார்த்து.

6. திருப்பூர் லேட்டன்சி

புதுப் பெட்டியோடு உட்கார்ந்த ஞாயிறு, தொடங்கும் முன் செல்வி இக்காவின் மொபைலுக்குக் கூப்பிட்டாள். "அப்பாவக் கஷ்டப்பட்டு உக்கார வச்சிருக்கேன். நேரா போன்லயே கேக்கட்டும் இக்கா. பதிவு பண்ணினதுன்னா நம்ப மாட்டேங்கறாரு."

மொபைலை ஸ்பீக்கரில் போட்டு, சத்தம் கூடட்டும் என்று ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, மாமா உட்காரும் இடத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். இரண்டாவது மைக்கைக் கொஞ்சம் டம்ளர் பக்கம் திருப்பினேன். ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன்.

இக்கா முதல் வரியைப் பாடினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாயெடுக்கப் போனார்கள். இக்கா கையைத் தூக்கி நிறுத்தினார். ஹார்மோனியத்தில் ஒரே சுரத்தைப் பிடித்தபடி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கீழே தெருவில் ஒரு ஆடு கத்தியது.

டம்ளருக்குள்ளிருந்து வந்தது.

"ஆஹா! எடா ஹமீதே, இன்னொரு தடவ!"

மாடி அதிர்ந்தது. யார் யார் என்னென்ன கத்தினார்கள் என்று பதிவைக் கேட்டாலும் பிரிக்க முடியாது. மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. நான் கெயினைக் குறைக்கவில்லை. அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன், கண் எங்கே தெரிந்தது? அன்று இக்கா அந்த ஒரு பாட்டை அரை மணி நேரம் பாடினார். அதற்குப் பிறகு மாமா ஒரு ஞாயிறு கூடத் தவறவிடவில்லை. துபாய்க்காரர்கள் வாரம் தவறாமல் கேட்டுவிட்டு, யார் அந்த ஆஹா அண்ணன் என்று விசாரித்தார்கள்.

இப்போது பெட்டி வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்காரர் எத்தனை மைக் என்று கேட்பார். அதற்கு முன்னால் யார் கேட்கப் போகிறார்கள், அவர்களுக்கு எது காதில் விழ வேண்டும் என்று நீங்கள் யோசித்துவிடுங்கள். அது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு ஓட்டை போதும்.

இன்னொன்று. மாமாவின் ஆஹா போன் வழியாக வருவதால் எப்போதும் ஒரு விநாடி பிந்தித்தான் விழும். தாமதத்தைக் குறைப்பதே பிழைப்பாக இருந்த எனக்குக் கை அரித்தது. முதல் பதிவை எடிட் பண்ண உட்கார்ந்தபோது, "இக்கா, உங்க வரிக்கும் மாமாவோட ஆஹாவுக்கும் நடுவுல காலியா இருக்கு. வெட்டி ஒட்டிடட்டுமா?" என்று கேட்டேன்.

ஹமீது இக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது காலி இல்ல மோளே. அது நான் அவருக்காகக் காத்திருந்த நேரம். தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

நான் தொடவில்லை.